பெட்டியில் வந்த இன்ஜின்

2019 ஜூன் மாதத்தில் ஒரு சனிக்கிழமை. அமெரிக்காவில் ஹூஸ்டனிலிருந்து மேற்கே போகும் ஐ-10 நெடுஞ்சாலையில் கேட்டி என்ற ஊரைத் தாண்டியதும் என் ஃபோர்டு மஸ்டாங் காரில் ஆயில் விளக்கு சிவப்பாக எரிந்தது. நான் இடது ஓர லேனில் இருந்தேன். வலப்பக்கம் இரண்டு பெரிய லாரிகள். அவை முன்னால் போகக் காத்திருந்து, லேன் மாறி, ஓரம் கட்டி, சாவியைத் திருப்பி அணைக்க 40 விநாடி ஆகியிருக்கும். அந்த வண்டி ஆறாவது கியரில் 70 மைல் வேகத்தில் போகும்போது இன்ஜின் நிமிடத்துக்கு 2,100 சுற்று சுற்றும். 40 விநாடிக்குக் கணக்குப் போட்டால் 1,400 சுற்று. அத்தனையும் ஆயில் அழுத்தமே இல்லாமல். கடைசி சில விநாடிகளில் அடியிலிருந்து டக், டக், டக் என்று கனமாக ஒரு தட்டு கேட்டது. கனெக்டிங் ராடும் கிராங்க்ஷாஃப்டும் சேரும் இடத்தில் இருக்கும் பிக் எண்ட் பேரிங் போய்விட்டால் எப்படிச் சத்தம் வரும் என்று சின்ன வயதிலிருந்தே எனக்குத் தெரியும்.

குனிந்து பார்த்தேன். பின் பம்பர் வரை ஆயில் தெளித்திருந்தது. ஆயில் தங்கும் அடித்தொட்டியான ஆயில் பேனில், ஆயிலை வடிக்கும் டிரெயின் போல்ட் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் ஓட்டை. நான்கு நாள் முன்னால்தான் ஒரு கடையில் ஆயில் மாற்றியிருந்தேன்.

லாரிகளுக்காகக் காத்திருந்ததில் எனக்கு வருத்தமில்லை, உயிர்தான் முதலில். ஆனால் காத்திருந்த நேரம் முழுக்க ஆக்ஸிலரேட்டரில் கால் வைத்திருந்தேனே, அதை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை. விளக்கு எரிந்த உடனே கிளட்சை மிதித்திருந்தால் இன்ஜின் ஐடிலுக்கு இறங்கியிருக்கும். வண்டி தன் வேகத்திலேயே ஓரம் வந்து சேர்ந்திருக்கும். ஆயில் விளக்கும் செக் இன்ஜின் விளக்கும் ஒன்றல்ல. செக் இன்ஜின் விளக்கு மினுக்காமல் நிலையாக எரிந்தால் பெரும்பாலும் வீடு வரை ஓட்டிப் போகலாம். சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால் அடுத்த எக்ஸிட் வரைகூட போகக் கூடாது.

வண்டி 2013 மஸ்டாங் ஜிடி. 5 லிட்டர் கயோட்டி இன்ஜின், 420 குதிரைத்திறன், ஆறு கியர் மேனுவல். 2016-ல் பழைய வண்டியாக வாங்கியது. சங்ககிரியில் லாரிகளுக்கு நடுவில் வளர்ந்தவன் நான். எட்டு சிலிண்டர் வண்டி ஒன்று சொந்தமாக வேண்டும் என்பது கல்லூரிக் காலத்து ஆசை. அதனால் டோ டிரக்கில் ஏற்றி வீட்டு கராஜில் இறக்கியபோது, வண்டியை உதிரிக்குத் தள்ளிவிடலாம் என்று ஒரு நிமிடம்கூடத் தோன்றவில்லை.

அன்று இரவே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து புது இன்ஜின் தேட ஆரம்பித்தேன். தொழிற்சாலையிலேயே முழுதாகக் கோத்து, மரப்பெட்டியில் வைத்து அனுப்பும் இன்ஜினை இங்கே கிரேட் இன்ஜின் என்பார்கள். 2018-ல் வந்த மூன்றாம் தலைமுறை கயோட்டி, 460 குதிரைத்திறன், அப்போது பெட்டியில் புதிதாகவே கிடைத்தது. எப்படியும் செலவு ஆகத்தான் போகிறது, அத்தோடு 40 குதிரை கூடுதலாக வந்தால் என்ன என்று மனம் அலைந்தது. இரவு ஒரு மணிக்கு ஆர்டர் பக்கம் வரை போய்விட்டேன்.

அப்புறம் அப்பாவுக்குப் போன் செய்தேன். முப்பது வருடம் லாரி வைத்து ஓட்டியவர். நான் 460 குதிரைக் கதையைச் சொல்லி முடிக்கும் வரை பேசாமல் கேட்டுவிட்டு, ஒன்றே ஒன்று கேட்டார்.

"எதனால போச்சுன்னு பாத்தியா, கண்ணு?"

"போல்ட் கழண்டுதுங்கப்பா. ஆயில் பூரா ஊத்திருச்சு."

"அது வெளிய இருந்து பாத்தது. உள்ள என்ன போச்சு, எங்கெல்லாம் போச்சுன்னு பாத்தியா? அதத் தெரியாம புதுச ஏத்துனா, அதையும் அதே குழியில தள்ளறதுதான்."

மறுநாள் காலை ஆயில் ஃபில்டரைக் கழற்றினேன். ஃபில்டர் வெட்டும் கருவி ஒன்று உண்டு, டப்பா திறப்பான் போல ஃபில்டரின் வெளிக்கூட்டைச் சுற்றி வந்து அறுக்கும். ரம்பத்தால் அறுக்கக் கூடாது, ரம்பத்தூள் உள்ளே விழுந்து நம்மை ஏமாற்றும். உள்ளே விசிறி மடிப்பாக இருக்கும் தாளைக் கத்தியால் வெட்டி, பிழிந்து, வெள்ளைத் துணி மேல் விரித்தேன். மடிப்பு மடிப்பாக வெள்ளி மின்னியது, பொங்கலுக்கு மாட்டுக் கொம்பில் பூசும் சாயம் போல. காந்தத்தை மேலே ஓட்டினால் பெரும்பகுதி ஒட்டவில்லை. ஒட்டாதது பேரிங் உலோகம், ஒட்டுவது கிராங்க், செயின், கியர் போன்ற இரும்புச் சாமான். என் ஃபில்டரில் இரண்டுமே இருந்தன. அதாவது பேரிங் தேய்ந்து முடிந்து கிராங்கையும் கடித்துவிட்டது. அந்த உலோகத்தூள் ஆயிலோடு சேர்ந்து இன்ஜினின் ஒவ்வொரு வழியிலும் போயிருக்கிறது.

இந்த ஒரு மணி நேர வேலை என் முடிவுகள் பாதியை எடுத்துக் கொடுத்தது. பேரிங்கை மட்டும் மாற்றிச் சரிக்கட்ட முடியாது என்பது தெரிந்தது. ஆயில் போன வழியில் இருந்த எதையும் புது இன்ஜினில் திரும்ப மாட்டக் கூடாது என்பதும் தெரிந்தது. இரண்டாவது விஷயம் பின்னால் வரும், அதுதான் என் காசைக் காப்பாற்றியது.

சரி, வழிகள் என்னென்ன? ஊராக இருந்தால் கிராங்கை லேத்தில் கொடுத்து கிரைண்டிங் செய்து, அண்டர்சைஸ் பேரிங் போட்டு, ஒரு வாரத்தில் வண்டியை லோடுக்கு அனுப்பிவிடுவார்கள். இங்கேயும் மெஷின் ஷாப்புகள் உண்டு, நல்ல கைக்காரர்களும் உண்டு. ஆனால் கூலி மணிக் கணக்கில் ஏறும். நான்கு கேம்ஷாஃப்ட், 32 வால்வு உள்ள இன்ஜினை முழுக்கப் பிரித்து, வழிகளைக் கழுவி, அளந்து, திரும்பக் கோக்க எனக்குச் சொன்ன தொகை, ஒரு முழு மாற்று இன்ஜினின் விலைக்குப் பக்கத்தில் வந்தது. அதில் என் பழைய பிளாக்கின் சரித்திரமும் கூடவே வரும். வேண்டாம் என்று விட்டேன்.

விபத்தில் அடிபட்ட வண்டியிலிருந்து எடுத்த இன்ஜின் அடுத்தது. விலை பாதிதான். ஆனால் கயோட்டியில் ஒரு சிக்கல் இருக்கிறது. அதே 5 லிட்டர் இன்ஜின் எஃப்-150 பிக்கப் லாரியிலும் வந்தது. 2011 எஃப்-150-ல் அதன் கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் காற்று எத்தனை மடங்கு அமுக்கப்படுகிறது என்ற கணக்கு) 10.5, 360 குதிரைத்திறன், கேம்ஷாஃப்டும் வேறு. அதே ஆண்டு மஸ்டாங்கில் கம்ப்ரெஷன் 11, 412 குதிரை. வெளியே பார்த்தால் அண்ணன் தம்பி. "5 லிட்டர் கயோட்டி" என்று மட்டும் விளம்பரத்தில் போட்டிருந்தால், எந்த வண்டியிலிருந்து எடுத்தது என்று அந்த வண்டியின் சேசிஸ் எண்ணோடு கேட்டு வாங்குங்கள். எண் தராதவரிடம் வாங்காதீர்கள். நான் பார்க்கப் போன இரண்டு இன்ஜின்களில் ஒன்று பிக்கப்பினுடையது. இன்னொன்றில் ஸ்பார்க் பிளக் ஓட்டை வழியாகச் சின்ன கேமராவை விட்டுப் பார்த்தபோது, ஒரு சிலிண்டர் சுவரில் நெடுக்காகக் கீறல். அது 40,000 மைல்தான் ஓடியது என்றார் விற்றவர். மைல் கணக்கு என்னவாக இருந்தாலும் கீறல் கீறல்தான்.

மிச்சம் இருந்தது பெட்டி இன்ஜின்கள். இங்கேதான் நான் நிறையக் கற்றுக்கொண்டேன், என்னைப் போல யோசிக்கும் ஒருவருக்கு இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

கயோட்டியின் முதல் தலைமுறை 2011 முதல் 2014 வரை மஸ்டாங்கில் வந்தது. 2015-ல் இரண்டாவது வந்தது: 435 குதிரை, பெரிய வால்வுகள், உறுதி கூடிய கனெக்டிங் ராடுகள். 2018-ல் மூன்றாவது: 460 குதிரை, கம்ப்ரெஷன் 12, சிலிண்டர் விட்டம் 92.2 மில்லிமீட்டரிலிருந்து 93. பழைய இரும்பு லைனரை எடுத்துவிட்டு, சிலிண்டர் சுவரில் உருக்கிய உலோகத்தைத் தெளித்துப் படிய வைத்திருக்கிறார்கள். மூன்றும் ஒரே குடும்பம், ஒரே பெயர். அப்படியே தூக்கி வைத்து போல்ட்டை முடுக்கினால் போதும் என்றுதான் முதலில் நினைத்தேன்.

இயந்திரமாக மட்டும் பார்த்தால் ஏறக்குறைய அப்படித்தான். ஆனால் 2013 மஸ்டாங்கில் இன்ஜின் தனி ஆள் இல்லை. அதை நடத்துவது வண்டியின் கம்ப்யூட்டர். எந்தக் கேம்ஷாஃப்டை எத்தனை டிகிரி திருப்புவது, எப்போது எவ்வளவு பெட்ரோல் விடுவது, எல்லாம் அது முடிவு செய்வது. அந்தக் கம்ப்யூட்டரிடம் மீட்டர் பேசுகிறது, ஏபிஎஸ் பேசுகிறது, சாவிகூடப் பேசுகிறது. இரண்டாம் தலைமுறை இன்ஜினில் இன்டேக் பக்கத்துக் கேம் ஃபேசர்கள், அதாவது கேம்ஷாஃப்டைத் திருப்பும் பாகங்கள், பாதி வழியில் பூட்டிக்கொள்ளும் வகை. என் வண்டிக் கம்ப்யூட்டருக்கு அந்தப் பூட்டைத் திறக்கத் தெரியாது, அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. இன்டேக் மேனிஃபோல்டில் காற்றைச் சுழற்றிவிடும் தகடுகள் வேறு, அவற்றை இயக்கவும் என் வண்டியில் வயரிங் இல்லை. மூன்றாம் தலைமுறை இன்னும் தள்ளிப் போய்விட்டது. அதில் சிலிண்டருக்கு ஒன்று வெளியே, ஒன்று உள்ளே என இரட்டை இன்ஜெக்டர். உள்ளே பாய்ச்சுவதற்கு உயர் அழுத்த பம்ப். என் கம்ப்யூட்டரால் அந்த உள் இன்ஜெக்டர்களை ஓட்டவே முடியாது. பழைய வண்டியில் இதை ஏற்றுகிறவர்கள் உள் இன்ஜெக்டர்களைக் கழற்றி, ஓட்டைகளை அடைத்து, வெளி இன்ஜெக்டரை மட்டும் வைத்து ஓட்டுகிறார்கள். பந்தய வண்டிக்கு அது சரி. தினமும் ஆபீஸ் போகும் வண்டியில், நான் காசு கொடுத்து வாங்கிய தொழில்நுட்பத்தை நானே அடைத்து வைப்பதில் எனக்கு மனம் ஒப்பவில்லை.

இன்ஜினோடு அதற்கான கம்ப்யூட்டர், வயரிங், ஆக்ஸிலரேட்டர் பெடல் எல்லாம் சேர்த்து ஒரு பெட்டியாக விற்கிறார்களே என்று கேட்கலாம். கன்ட்ரோல் பேக் என்று பெயர். 1967 மஸ்டாங்கிலோ பழைய பிக்கப்பிலோ கயோட்டியை ஏற்றுவதற்கு அது அருமையான பொருள், ஏனென்றால் அந்த வண்டிகளில் இன்ஜினோடு பேச வேறு எதுவும் இல்லை. என் வண்டியில் அதைப் போட்டால் புது கம்ப்யூட்டர் ஒரு பக்கம், மீட்டரும் ஏபிஎஸ்ஸும் சாவியும் இன்னொரு பக்கம் என்று வீடு இரண்டாகிவிடும்.

இது ஃபோர்டுக்கு மட்டும் உள்ள சங்கதி இல்லை. 2017 ஆகஸ்டில் ஹார்வி புயல் வந்தபோது, என்னோடு வேலை செய்யும் ஒருவர் தன் 2010 செவர்லே கமாரோ எஸ்எஸ் காரை வெள்ளத்தில் ஓட்டி, இன்ஜின் தண்ணீரைக் குடித்து ராடு வளைந்துவிட்டது. முழுக் காப்பீடு இல்லாததால் தானே இன்ஜின் தேடினார். அவருடையது ஆட்டோமேட்டிக், அதில் இருந்தது எல்99 இன்ஜின். தேவைப்படாதபோது நான்கு சிலிண்டரை நிறுத்தி வைக்கும், கேம் நேரத்தையும் மாற்றும். அவர் வாங்க நினைத்தது செவர்லேயின் எல்எஸ்3 பெட்டி இன்ஜின், அதே 6.2 லிட்டர், 430 குதிரை. இந்த இரண்டு வேலையும் அதில் கிடையாது. இன்ஜின் இடத்தில் கச்சிதமாக உட்கார்ந்துவிடும், ஆனால் இல்லாத ஃபேசரையும் நிற்காத சிலிண்டர்களையும் கம்ப்யூட்டர் தேடிக்கொண்டே இருக்கும், அதற்குள் போய் மாற்றி எழுத வேண்டும். அவர் அதற்கான ஆளை முதலில் பிடித்து, அந்த ஆள் சொன்ன பிறகுதான் இன்ஜினுக்குப் பணம் கட்டினார். எனக்கு அந்த வரிசை பிடித்திருந்தது. கம்ப்யூட்டரில் கை வைக்கிறவரிடம் முதலில் பேச வேண்டும், இன்ஜின் விற்கிறவரிடம் அப்புறம்.

எங்கள் ஊர்ப் பையன் ஒருவன், டாலஸில் இருப்பவன், அலுமினேட்டர் வாங்கச் சொன்னான். ஃபோர்டின் ஃபோர்ட் பெர்ஃபார்மன்ஸ் பிரிவு அப்போது விற்ற கயோட்டிதான், உள்ளே ஃபோர்ஜ் செய்த பிஸ்டனும் ராடும். இரும்பை அடித்து வடித்தது போல உறுதி. அதில் சூப்பர்சார்ஜருக்கு (காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் ஏற்றும் கருவி) என்று வருவதன் கம்ப்ரெஷன் 9.5. "அதை வாங்கிப் போட்டுவிடுங்கண்ணா, பின்னால எப்பவாவது சூப்பர்சார்ஜர் மாட்டிக்கலாம்" என்றான். அன்பாகத்தான் சொன்னான். ஆனால் அந்த 'எப்பவாவது' வரும் வரை, கம்ப்ரெஷன் குறைந்த இன்ஜினை வைத்து, என் பழைய இன்ஜினைவிடச் சோம்பலாக ஓட்டிக்கொண்டிருக்க வேண்டும். சூப்பர்சார்ஜர் ஏற்கெனவே அலமாரியில் இருப்பவருக்கு அது சரியான இன்ஜின். அவருக்கு ஆயில் பம்ப் கியர்களையும் முதலிலேயே உறுதியானதாக மாற்றிக்கொள்ளச் சொல்வேன், தொழிற்சாலைக் கியர்கள் அந்தச் சுமைக்குச் செய்தவை இல்லை. எனக்கு அது தேவையில்லை.

சட்டமும் ஒன்று இருக்கிறது. நான் இருக்கும் ஃபோர்ட் பெண்ட் கவுண்டியில் வருடத்துக்கு ஒரு முறை புகைச் சோதனை உண்டு. வண்டிக் கம்ப்யூட்டரின் செருகுவாயில் கருவியைச் செருகி, அது சொல்வதைக் கேட்பார்கள். கலிபோர்னியாவில் இன்னும் கறார். வண்டியின் ஆண்டுக்குச் சமமான அல்லது அதற்குப் பிந்தைய இன்ஜினாக இருக்க வேண்டும், அந்த இன்ஜினுக்கு உரிய புகைக்கட்டுப்பாட்டுச் சாமான்கள் எல்லாம் கூடவே வர வேண்டும், அதற்கென்று உள்ள நடுவரிடம் காட்டிச் சான்று வாங்க வேண்டும். பெட்டி இன்ஜின் விளம்பரங்களின் அடியில் சின்ன எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். பலவும் பந்தயத்துக்கும் பழைய வண்டிகளுக்கும் என்று சொல்லித்தான் விற்கப்படுகின்றன. 707 குதிரையுள்ள ஹெல்கிரேட் என்ற பெட்டி இன்ஜினை, டாட்ஜ் வண்டிகளின் உதிரிபாகப் பிரிவான மோபார் கொண்டுவந்தபோது 1976-க்கு முந்தைய வண்டிகளுக்கு என்றுதான் சொன்னது.

இப்படி எல்லாம் அலசி, கடைசியில் நான் எடுத்தது முதல் தலைமுறையே. 2013 மஸ்டாங்குக்கு உரிய, தொழிற்சாலை முறையில் புதுப்பித்த லாங் பிளாக். பிளாக், ஹெட், கேம், செயின் எல்லாம் கோத்து வரும். இன்டேக், காயில், ஆல்டர்னேட்டர் போன்றவை பழைய வண்டியிலிருந்து மாற வேண்டும். குதிரைத்திறன் ஒன்றுகூட அதிகமாகாது. ஆனால் என் கம்ப்யூட்டருக்கு அது ஏற்கெனவே தெரிந்த முகம். இந்த முடிவுக்கு வர ஐந்து வாரம் ஆனது. 460 குதிரைப் பக்கத்தை மூடியபோது கொஞ்சம் வலித்தது உண்மை.

வாங்கும்போது மூன்று விஷயத்தை எழுத்தில் கேட்டு வாங்கினேன். முதலாவது, பெட்டிக்குள் என்னென்ன இருக்கும், என்னென்ன இருக்காது. தொலைபேசியில் "கம்ப்ளீட்" என்பார்கள். ஆயில் பேன் உண்டா, வாட்டர் பம்ப் உண்டா, பிளைவீல் போல்ட் உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டால்தான் பதில் தெளிவாக வரும். இரண்டாவது, வாரண்டி எதைக் கொண்டு செல்லாமல் போகும். நானே மாட்டினால் செல்லுமா, மெக்கானிக் ரசீது வேண்டுமா? மூன்றாவது, கோர் டெபாசிட். பழைய இன்ஜினைத் திருப்பிக் கொடுத்தால் பணம் திரும்பும், ஆனால் ராடு உடைந்து பிளாக்கில் ஓட்டை விழுந்திருந்தால் எடுக்க மாட்டோம் என்பார்கள். என் பிளாக் வெளியே முழுசாக இருந்ததைப் படம் எடுத்து முன்னாலேயே அனுப்பிவிட்டேன்.

பெட்டி வந்த நாளை மறக்க முடியாது. 53 அடி டிரெய்லர் எங்கள் தெருவுக்குள் திரும்ப முடியாமல் முனையில் நின்றுவிட்டது. வீட்டுக்கு இறக்கவும், பின்னால் இறக்கும் மேடை உள்ள வண்டியில் அனுப்பவும் தனியாகக் கட்டணம் கட்டியிருக்க வேண்டும். மேடைக்குக் கட்டியிருந்தேன், தெருவைப் பற்றி யோசிக்கவில்லை. 200 கிலோவுக்கு மேல் இருக்கும் பெட்டியை நானும் எதிர்வீட்டுக்காரரும் டிரைவரும் பேலட் ஜாக்கில் வைத்து, வெயிலில், அரை மணி நேரம் உருட்டிக்கொண்டு வந்தோம். எதிர்வீட்டுக்காரர் எண்ணெய்க் கிணறுகளில் டீசல் இன்ஜின் பார்த்து ஓய்வு பெற்றவர். கையெழுத்துப் போடும் முன் பெட்டியைத் திறந்து பார் என்றார். ஆணிகளைப் பிடுங்கி, மேல் பலகையை எடுத்து, தடித்த பிளாஸ்டிக் உறையைக் கிழித்ததும் துருப்பிடிக்காமல் இருக்கப் பூசிய எண்ணெயின் வாசம். பளிச்சென்ற அலுமினியம், ஒவ்வொரு ஓட்டைக்கும் மஞ்சள் மூடி. அந்த மூடிகளைக் கடைசி நிமிடம் வரை எடுக்காதீர்கள். ஒரு நட்டு உள்ளே விழுந்தால் அத்தோடு கதை முடிந்தது.

மூன்று வார இறுதிகளில் வேலை நடந்தது. பிரித்து மாட்டும் விவரம் முழுவதையும் இங்கே சொல்லப் போவதில்லை, சர்வீஸ் மேனுவலை விலை கொடுத்து வாங்குங்கள். ஏசி கம்ப்ரஸரை மட்டும் குழாயைக் கழற்றாமல் அப்படியே ஓரமாகக் கட்டி வைத்தால் கேஸ் செலவு மிச்சம். கிராங்க் புல்லி போல்ட் போல, இழுபட்டு இறுகும் வகைப் போல்ட்டுகளைத் திரும்பப் போடக் கூடாது, புதிது வாங்க வேண்டும். கியர் பாக்ஸைப் பிரித்திருக்கும்போதே கிளட்ச்சைப் பார்த்துவிட வேண்டும். என்னுடையது பாதி தேய்ந்திருந்தது, மாற்றிவிட்டேன்.

ஆயில் கூலருக்கு வருகிறேன். என் வண்டி ட்ராக் பேக்கேஜ் (பந்தயத் தடத்துக்கான கூடுதல் சாமான்கள்) வகை, தனியாக ஆயில் கூலர் உண்டு. பழைய இன்ஜினின் ஆயில் அத்தனையும் அந்தக் கூலருக்குள் போய் வந்ததுதான். வெளியே பார்த்தால் புதுசு போல இருந்தது. கழுவிப் போட்டுவிடலாம் என்று எனக்கும் ஆசை. எதிர்வீட்டுக்காரரிடம் கேட்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல் அதைக் கவிழ்த்து, கெரசின் ஊற்றி, குலுக்கி, ஒரு வெள்ளைத் தட்டில் வடித்தார். முதல் தடவை மின்னியது. இரண்டாவது தடவையும் மின்னியது. ஆறாவது தடவை சுத்தமாக வந்தது. சரியாகிவிட்டது என்றேன். அவர் மரச் சுத்தியலால் பக்கவாட்டில் நாலு தட்டுத் தட்டி மறுபடி வடித்தார். மறுபடி மின்னியது.

அந்தக் கூலரைக் குப்பையில் போட்டேன். புதிதாக வாங்கினேன், குழாய்களையும் சேர்த்து. ஃபில்டரை வெட்டிப் பார்க்காமல், ஏன் செத்தது என்று தெரியாமல் இருந்திருந்தால், அந்தக் கூலர் புது இன்ஜினில் ஏறி, முதல் நூறு மைலில் எல்லாத் தூளையும் புது பேரிங்குகளுக்குப் பரிமாறியிருக்கும். அப்பா சொன்ன குழி அதுதான்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன்னால் 8 குவார்ட் (சுமார் ஏழரை லிட்டர்) ஆயில் ஊற்றி, ஃபில்டரையும் நிரப்பி, ஆக்ஸிலரேட்டரைத் தரை வரை மிதித்துக்கொண்டு சாவியைத் திருப்பினேன். அப்படி மிதித்தால் கம்ப்யூட்டர் பெட்ரோலை நிறுத்திவிடும், இன்ஜின் ஓடாமல் வெறுமனே சுற்றும், ஆயில் எல்லா இடத்துக்கும் ஏறும். பத்து விநாடி, ஓய்வு, மறுபடி பத்து விநாடி. நான்காவது முறை சிவப்பு விளக்கு அணைந்தது. அதற்குப் பிறகுதான் காலை எடுத்துவிட்டு ஸ்டார்ட் செய்தேன். செயின் சத்தம் இரண்டு விநாடி, அப்புறம் அமைதியான ஐடில். எதிர்வீட்டுக்காரர் என் தோளில் தட்டினார். என் மனைவி கதவருகே நின்று வீடியோ எடுத்தாள். அதில் என் முகம் அழுவது போலத்தான் இருக்கிறது.

ஒரு வாரம் ஓட்டிய பிறகு மிஸ்ஃபயர் (ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை) என்று செக் இன்ஜின் விளக்கு வந்தது. பயந்துபோனேன். காரணம் சின்னது. கிராங்க் சக்கரத்தின் பற்களில் இருக்கும் மயிரிழை வித்தியாசத்தைக் கம்ப்யூட்டர் மனப்பாடம் செய்து வைத்திருக்கும், அதை வைத்துத்தான் எந்தச் சிலிண்டர் தப்புகிறது என்று கண்டுபிடிக்கும். கிராங்க் மாறிவிட்டது, கம்ப்யூட்டரின் மனப்பாடம் மாறவில்லை. ஃபோர்ஸ்கேன் மென்பொருளை லேப்டாப்பில் வைத்து, புதிதாகக் கற்றுக்கொள்ளச் சொன்னதும் சரியாகிவிட்டது. புகைச் சோதனைக்கு முன்னால் கம்ப்யூட்டர் தன் சுய பரிசோதனைகளை முடித்திருக்க வேண்டும். நினைவை அழித்த பிறகு இதற்குச் சில நாள் ஓட்ட வேண்டும். பெட்ரோல் டேங்க் ஆவிக் கசிவுச் சோதனை மட்டும் முடியாமலே இழுத்தது. நான் நல்ல பிள்ளையாகத் தினமும் டேங்க்கை நிரப்பியதுதான் காரணம். டேங்க் ததும்ப நிரம்பியிருந்தாலும், காலியை ஒட்டி இருந்தாலும் அந்தச் சோதனை ஓடாது. பாதி டேங்க்கில், இரவு முழுக்க ஆறவிட்டு, காலையில் ஓட்டினேன். முடிந்தது.

செலவு: லாங் பிளாக் 6,200 டாலர், டெபாசிட் திரும்பிவிட்டது. கூலர், கிளட்ச், கேஸ்கெட், மவுன்ட், குழாய், போல்ட், ஆயில், லாரி வாடகை எல்லாம் சேர்த்து 2,700. இன்ஜின் விலையில் பாதியை மற்றவற்றுக்கு ஒதுக்கி வைத்துக்கொண்டு ஆரம்பிப்பது நல்லது. ஆயில் மாற்றிய கடையின் காப்பீட்டிடம் ரசீது, டிரெயின் ஓட்டையின் படம், டோ டிரக் பில், வெட்டிய ஃபில்டர் எல்லாவற்றையும் வைத்து இரண்டு மாதம் விடாமல் எழுதினேன். 4,000 கொடுத்தார்கள். நெடுஞ்சாலை ஓரத்தில் நின்றபோது, டோ டிரக் வரும் முன் அடியில் படுத்துப் படம் எடுத்தேனே, அந்த ஒரு படம்தான் அதை வாங்கித் தந்தது.

500 மைல் ஓடியதும் ஆயிலை நானே மாற்றினேன். டிரெயின் போல்ட்டை டார்க் ரெஞ்சில் இறுக்கி, வெள்ளை பெயின்ட்டால் போல்ட்டிலிருந்து பேன் வரை ஒரு கோடு இழுத்தேன். கழன்றால் கோடு விலகித் தெரியும். பழைய ஃபில்டரை வெட்டி, தாளைத் துணியில் விரித்து, வெயிலில் பிடித்து மடிப்பு மடிப்பாகப் பார்த்தேன். புது இன்ஜினில் வரும் நாலைந்து பொடித் துகள், வேறொன்றும் இல்லை. படம் எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன். அங்கே நள்ளிரவு தாண்டியிருந்தது, ஆனாலும் உடனே கூப்பிட்டார்.

"நல்லாருக்கு கண்ணு. அடுத்த ஆயிரத்துல ஒருக்கா வெட்டிப் பாத்துட்டு அனுப்பு."